மாமரம் என்று எழுதினால் போதுமா?

வாசகர் கேள்வி, 19 ஜனவரி 2025

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். முதல் சிறுகதை. பாட்டி வீட்டைப் பற்றியது. திண்ணை, தூண், முற்றம், துளசி மாடம், அடுப்படிப் புகை என்று நான்கு பக்கம் எழுதிய பிறகுதான் பாட்டி வாய் திறக்கிறார். படித்த நண்பர் ஒருவர், "வர்ணனை முழுவதையும் எடுத்துவிடு, யாருக்கும் பொறுமை இல்லை" என்கிறார். இன்னொருவர், "அந்த நான்கு பக்கம்தான் கதை" என்கிறார். கதையில் எவ்வளவு வர்ணிக்கலாம் என்பதற்கு அளவு ஏதாவது உண்டா?

19 ஜனவரி, இரவு

எடுத்துவிடுங்கள். திண்ணை என்று நீங்கள் எழுதிய உடனே ஒவ்வொரு வாசகரும் தனக்குத் தெரிந்த ஒரு திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். அதன் பிறகு தூணின் வழவழப்பு, சாணி மெழுகிய தரை, வெயில் விழும் இடம் என்று நீங்கள் அடுக்குவதெல்லாம் அவரை அங்கிருந்து எழுப்பி வேறு இடத்தில் உட்காரச் சொல்வதுதான். பாட்டியை முதல் பத்தியிலேயே பேச வையுங்கள். வீடு பின்னால் வரும்.

20 ஜனவரி

நேற்று எழுதியது கடுமையாக இருக்கிறது என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு 81 வயது. கண்நீர் அழுத்த நோயால் இரண்டு கண்களிலும் பார்வை போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்த பிறகு அவருக்குக் கதை படித்துக் காட்டுகிறேன். சிறுகதை, நாவல், வார இதழ்த் தொடர், எது கிடைத்தாலும் படிப்பேன். கேட்டுக்கொண்டிருக்கும்போது கயிற்றுக் கட்டிலின் சட்டத்தில் விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பார். அது அவருடைய பழக்கம். வர்ணனை நீண்டால் தட்டுவது நின்றுவிடும். இன்னும் நீண்டால் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒருமுறை நகரத்து வீடு ஒன்றைப் பற்றிய கதை. கதாநாயகி கதவைத் திறக்கிறாள். அங்கிருந்து திரைச்சீலை, சோபா, மீன் தொட்டி, சுவரில் மாட்டிய படம் என்று ஒன்றரைப் பக்கம். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அப்பா கேட்டார்: "அந்தப் பெண் இன்னும் வாசலிலேயே நிற்கிறதா? உட்காரச் சொல்லம்மா, பாவம்." வர்ணனை ஓடுகிற நேரமெல்லாம் கதைக்குள் இருக்கிற மனிதர் கால் கடுக்க நிற்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா முப்பது ஆண்டுகள் மாந்தோப்புக் குத்தகை எடுத்தவர். தை மாதத்தில் பூவைப் பார்த்தே விலை பேச வேண்டிய தொழில். தோப்புக்குள் போனால் மரத்தை அண்ணாந்து பார்த்து நிற்க மாட்டார். நான்கைந்து மரத்தில் பூங்கொத்தைத் தொட்டுப் பார்ப்பார், இலையைத் திருப்பித் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார், காலால் மண்ணைக் கிளறி ஈரம் பார்ப்பார். போதும். கதையிலும் அவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

22 ஜனவரி

ஓசூர்த் தம்பி எழுதியிருப்பது சரிதான். காதால் கேட்கிறவருக்கு வரியைத் தாண்டிப் போக வழியில்லை. கண்ணால் படிக்கிறவர் பிடிக்காத பத்தியைத் தாண்டிவிடுவார், பிடித்ததில் தங்கிவிடுவார். அப்பாவை வைத்து எல்லா வாசகர்களுக்கும் அளவு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன் தம்பி. வாசகர் தாண்டிப் போகப் போகிற பத்தியை எதற்காக எழுத வேண்டும்?

26 ஜனவரி

முதல் நாள் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பொங்கல் முடிந்து எங்கள் பக்கத்தில் எருது விடும் விழாக்கள் நடக்கிற காலம் இது. குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் ஓடிக் கடக்கிற காளைக்குப் பரிசு. அதை வைத்து நான் எழுதிய கதை ஒன்றை நேற்று அப்பாவுக்குப் படித்தேன். என்னுடைய கொள்கைப்படியே சுருக்கமாக எழுதியிருந்தேன்: "கூட்டம் விலகியது. காளை வந்தது."

அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார். "எந்தக் காளை?"

"ஒரு காளைதான், அப்பா."

"ஒரு காளை என்று ஒன்று கிடையாதம்மா. செவலையா, மயிலையா, காரியா? கூட்டம் விலகுகிறதென்றால் அது எதுவென்று தெரிந்துதான் விலகுகிறது. உனக்கு மட்டும் தெரியாதா?"

பார்வை இழந்த மனிதர் என்னிடம் நிறம் கேட்கிறார். திரைச்சீலையின் நிறத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. காளையின் நிறத்தைக் கேட்காமல் கதைக்குள் வரவே மறுத்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு நிறம் அலங்காரம் இல்லை. காளைக்குப் பெயரே அதுதான். மயிலை வருகிறது என்று குரல் கேட்டால் ஒருவன் வேலி மேல் ஏறுவான், இன்னொருவன் இறங்குவான். என் வாக்கியத்தில் யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஆகவே வெட்டச் சொன்னது அவசரம். கேள்வி கேட்ட தம்பி அதற்குள் நான்கு பக்கத்தையும் கிழித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

27 ஜனவரி

கிழிக்கவில்லையாம். நிம்மதி.

2 பிப்ரவரி

அரூர் ஆசிரியர் தொல்காப்பியத்தை நினைவுபடுத்தினார். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றைச் சொல்லி, பாட்டுக்குள் பார்க்கும்போது ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்று வரிசையும் வைத்தார்கள். நிலமும் பொழுதும் முதல். விலங்கு, மரம், பறை, உணவு எல்லாம் கரு. பிரிவும் காத்திருப்பும் ஊடலும் உரி. மற்ற இரண்டும் உரிக்காக வருகின்றன. மரம் மரத்துக்காக வருவதில்லை. நான் ஒரு வாரமாகச் சுற்றி வளைத்துச் சொல்ல முயன்றதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமான இரண்டு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. இரண்டும் நம் பக்கத்தவை.

முதலாவது, அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை. புறநானூற்றில் 95ஆம் பாட்டு. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை பார்த்ததைச் சொல்கிறார். இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் உள்ள பெரிய வீட்டில் இருக்கின்றன. அங்கே அதியமானுடையவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன. பீலி, மாலை, நெய் எல்லாம் வர்ணனைதான். வாளின் நீளத்தையோ பிடியின் வேலைப்பாட்டையோ அவர் சொல்லவில்லை. ஆயுதம் சண்டை பார்க்கவில்லை என்பதற்கு எது சாட்சியோ அதை மட்டும் எடுத்தார். தொண்டைமானால் மறுத்துப் பேசவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் பாராட்டு மாதிரியே இருக்கிறது. தருமபுரி பஸ்ஸில் அதியமான்கோட்டையைத் தாண்டும்போதெல்லாம் இந்தப் பாட்டு எனக்கு நினைவுக்கு வரும்.

இரண்டாவது, நடுகல். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றனவே, பார்த்திருப்பீர்கள். அரசனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், எந்த மாட்டுக்காக நடந்த சண்டை, யார் இறந்தான். சிலவற்றில் ஐந்தாறு வரிகூட இருக்காது. நம் மாவட்டத்துக்குக் கிழக்கே திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தவன் ஒருவனுக்கு எடுத்தது. கல்லில் அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். நாயின் நிறம் இல்லை, உயரம் இல்லை, கண் எப்படி இருந்தது என்று இல்லை. பெயர் இருக்கிறது. அது செய்த வேலை இருக்கிறது. 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, எனக்கு அந்த நாய் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்பாவுக்கு இதைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காத்து நின்றது என்று போட்டானே, அவன் எழுத்தாளன்" என்றார்.

5 பிப்ரவரி

கேள்வி கேட்ட தம்பி தன் கதையின் புதிய தொடக்கத்தைப் போட்டிருக்கிறார். நான்கு பக்கத்தில் மிஞ்சியது ஒரு பத்தி. அதில் ஒரு வரி: உயரம் குறைந்த நிலைப்படியில், மூன்று தலைமுறை ஆண்களின் நெற்றி இடித்து இடித்து ஒரு இடம் மட்டும் மெருகேறியிருக்கிறது, பாட்டி மட்டும் குனியாமல் உள்ளே போகிறார்.

தம்பி, இந்த ஒரு வரியில் வீடும் இருக்கிறது, பாட்டியும் இருக்கிறார். துளசி மாடத்தை எடுத்ததற்கு வருத்தப்படாதீர்கள்.

9 பிப்ரவரி

இன்றைக்குச் சொல்ல வருவது வேறு. கொஞ்சம் நீளும்.

கும்பகோணத்து அக்கா ஒருவர், "நீங்கள் பெயரைச் சொன்னால் போதும் என்கிறீர்கள். பெயரே தெரியாத வாசகர் என்ன செய்வார்?" என்று கேட்டிருக்கிறார். மயிலை என்று நான் எழுதினால் அவருக்குச் சென்னை மயிலாப்பூர்தான் தோன்றியதாம். நியாயமான கேள்வி. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா ஊர்க்காரர் ஒருவர் கதையில் "ஆற்றங்கரை" என்று எழுதினால் போதும். அரசலாறு, படித்துறை, வாழைத் தோட்டம், கோயில் மணி எல்லாம் வாசகர் மனதில் தானாக வந்துவிடும். அவருக்கு முன்னால் எழுதியவர்கள் அந்தக் காட்சியைத் தமிழ் வாசகர்களின் மனதில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர் அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நெல்லைக்காரருக்கும் அப்படி ஒரு கிடங்கு இருக்கிறது. மதுரைக்கும் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு? நம்மில் யார் "ஊர்" என்று எழுதினாலும் வெளியூர் வாசகர் தான் வேறு எங்கோ படித்த ஊரைத்தான் கொண்டு வந்து வைப்பார். தருமபுரி என்று பெயரைச் சொன்னால் இரண்டு படம் வரும். ஒன்று ஒகேனக்கல் பரிசல், இன்னொன்று வறண்ட பூமி. அத்தோடு முடிந்தது.

அந்த வறண்ட பூமி என்ற இரண்டு சொல் எவ்வளவை விழுங்கியிருக்கிறது என்று பாருங்கள். தருமபுரிக்குப் பக்கத்தில் வத்தல்மலையில் காப்பி விளைகிறது. ஓசூரில் கூடாரத்துக்குள் ரோஜா. எங்கள் ஊரில் தென்பெண்ணைக் கரையோரம் நெல்லும் தென்னையும். அணைப் பாசனம் 1950களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மாங்கூழ் ஆலைகள் ஓடும் மாதங்களில் சாலை முழுக்கப் புளித்த மாம்பழ வாசம். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கும். பாறைக் குன்று இல்லாத திசையே கிடையாது. வீட்டு வேலிக்குக்கூடக் கல்லைப் பிளந்து நட்டு வைத்திருப்பார்கள். இவை எதுவும் வாசகர் மனதில் ஏற்கெனவே இல்லை. நான் சொன்னால்தான் உண்டு.

அதனால் முதல் நாள் நான் எழுதிய திண்ணை விஷயத்தை மறுபடியும் திருத்த வேண்டியிருக்கிறது. வாசகர் தன் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார் என்றேன். உட்காரட்டும். ஆனால் என் கதை நடப்பது கல் தூண் நட்ட வேலிக்குள். அவருக்கு அது தெரியாது. வாசகரிடம் ஏற்கெனவே இருப்பதற்குச் சொல் செலவழிக்க வேண்டாம், இல்லாததற்குக் கஞ்சத்தனம் கூடாது. அப்படியென்றால் எழுதப்படாத ஊரைப் பற்றி எழுதுகிறவர் கொஞ்சம் அதிகமாகவே வர்ணிக்க வேண்டியிருக்கும். வெட்டு, சுருக்கு, வாசகருக்கு விட்டுவிடு என்ற அறிவுரையெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்ட ஊர்களிலிருந்து வருகிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

எழுதி முடிக்கும்போதுதான் தேதியைப் பார்த்தேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி இன்றோடு 21 ஆண்டுகள். கதைகளில் இன்னும் பல இடங்களில் "தருமபுரிப் பக்கம்" என்றுதான் வருகிறது.

10 பிப்ரவரி

மாமரம் என்று எழுதினால் போதுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "பெங்களூராவா, செந்தூராவா, நீலமா? பெங்களூரா என்றால் கூழ் ஆலைக்குப் போகிற காய், விலையை ஆலைக்காரன் சொல்வான். நீலம் என்றால் எல்லாம் முடிந்த பிறகு வரும், மழைக்கும் பூச்சிக்கும் பயப்பட வேண்டும். மரம் எதுவென்று தெரியாமல் அவனுக்கு என்ன கவலை என்று எப்படித் தெரியும்?" என்றார். இந்த இழைக்கு அதையே தலைப்பாக வைத்துவிட்டேன்.

கும்பகோணத்து அக்காவுக்கு: பெயரோடு கவலையையும் சேர்த்துச் சொன்னால் பெயர் தெரியாதவருக்கும் விளங்கும் அல்லவா?

23 பிப்ரவரி

ஓசூர்த் தம்பி பெரிய விஷயம் ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் பிளாபேர் 1877இல் வெளியிட்ட "எளிய உள்ளம்" கதையில் வீட்டு எஜமானியின் அறையில் ஒரு பழைய பியானோ, அதற்கு மேலே ஒரு காற்றழுத்தமானி. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரொலாண் பார்த் 1968இல் எழுதிய கட்டுரையில் அந்தக் காற்றழுத்தமானியைப் பிடித்துக்கொண்டார். கதைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பயன் இல்லாமல் இருப்பதாலேயே "இது நிஜம்" என்ற உணர்வை அது உண்டாக்குகிறது என்பது அவர் வாதம்.

எனக்கு இதில் பாதி உடன்பாடு. பயனில்லாத பொருள் ஒன்று அறையில் கிடந்தால் அறை உண்மையாகிறது, சரி. ஆனால் எந்தப் பொருள் என்பதில்தான் எழுதுகிறவரின் கை தெரிகிறது. பயனில்லாத பத்துப் பொருளை அடுக்கினால் அது பாத்திரக் கடை. ஒரே ஒரு காற்றழுத்தமானி நிற்கிறது என்றால், வெளியே வானிலை மாறிக்கொண்டிருக்கிறது, உள்ளே யாரும் அதைப் பார்ப்பதில்லை என்று நானே ஒரு கதை கட்டிக்கொள்கிறேன்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886இல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நிலா இரவை எப்படி எழுதுவது என்று சொல்கிறார். அணைக்கரையில் உடைந்த பாட்டில் துண்டு நட்சத்திரம்போல மின்னியது, நாயோ ஓநாயோ ஒன்றின் கறுத்த நிழல் உருண்டு போனது. அவ்வளவுதான், நிலா வந்துவிட்டது. எழுதுகிறவர்கள் பலரும் மேற்கோள் காட்டுகிற கடிதம் இது. படித்த பிறகு ஓராண்டு நானும் என் கதைகளில் உடைந்த கண்ணாடியாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது தவறு. அவர் அந்தக் கரையில் நின்று பார்த்தவர். எங்கள் தோப்பில் நிலா வந்தால் மின்னுவது ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய். அதைப் பற்றி இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டும்.

16 மார்ச்

புளிக் காலம் தொடங்கிவிட்டது, பதினைந்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கோணிப்பை விரித்துப் புளி உடைக்கிறார்கள். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோக் கணக்கில் கூலி. நானும் பள்ளி நாட்களில் செய்திருக்கிறேன்.

அதை வைத்துச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கதை எழுதினேன். தொடக்கத்தில் புளியமரத்தைப் பற்றி இரண்டு பக்கம். ஓர் இதழுக்கு அனுப்பினேன். அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டு, என்னைக் கேட்காமலேயே அச்சிட்டார்கள். அழுதேன். பல மாதங்கள் எழுதவே இல்லை. போன வாரம் பழைய கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்து அப்பாவுக்குப் படித்தேன், வெட்டிய பக்கங்களோடு சேர்த்து.

விரல் நின்றுவிட்டது. இரண்டாம் பத்தியிலேயே.

அந்த இரண்டு பக்கத்தில் மரம் அழகாக இருந்தது. நிழல், இலையின் சலசலப்பு, கிளைகளில் கிளிகள். ஆனால் அதைப் பார்க்கிறவள் யார்? கதையில் வருகிற பெண் காலை ஆறு மணியிலிருந்து குனிந்து கொட்டை எடுக்கிறாள். அவள் மரத்தை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. மரம் அவளுக்குக் கோணிப்பையில் வந்து இறங்குகிறது. நான் அவளை வாசலில் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் எழுந்து போய் மரத்தை ரசித்துவிட்டு வந்திருக்கிறேன். கேட்காமல் வெட்டியது அவர்கள் செய்த பிழை, அதை இன்றும் மன்னிக்கவில்லை. பக்கங்கள் அங்கே இருந்தது என் பிழை.

அப்பா கேட்டது வேறு: "சாப்பிடும்போது அவள் கை எரிந்ததா?"

எரியும். நகக்கண்ணில் புளி ஏறி, இரும்புப் பட்டை கீறிய இடத்தில் உப்புப் போட்ட களி படும்போது உயிர் போகும். நானே பட்டிருக்கிறேன். கதையில் ஒரு வரி இல்லை. கிளிக்கு நான்கு வரி கொடுத்திருந்தேன்.

17 மார்ச்

அரூர் ஆசிரியர் கேட்கிறார்: "அப்படியானால் கதாபாத்திரம் பார்க்காததை எழுத்தாளர் எழுதவே கூடாதா? ஊரையே மேலிருந்து பார்த்து எழுதிய நாவல்கள் இல்லையா?" இருக்கின்றன ஐயா. அங்கே பார்க்கிறவர் கதை சொல்கிறவர். அவருக்கும் ஒரு கண், ஒரு கவலை இருக்க வேண்டும். யாருடைய கண்ணும் இல்லாமல் வருகிற வர்ணனையைத்தான் சொல்கிறேன். நேற்று அதை முழு விதியாகச் சொன்னதுபோல் தொனித்திருந்தால் திருத்திக்கொள்கிறேன்.

6 ஏப்ரல்

ஒகேனக்கல் கதைகளைப் பற்றி ஒருவர் கேட்டார். அருவியை வர்ணிக்காமல் எப்படி எழுதுவது என்று. சுருக்கமாகச் சொல்கிறேன். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் பாறை. பெயரிலேயே வர்ணனை முடிந்துவிட்டது. பரிசல் ஓட்டுகிறவர் அருவியைப் பார்ப்பதில்லை, துடுப்பு போடும் இடத்துத் தண்ணீரைத்தான் பார்க்கிறார். அதை எழுதினால் புதியது.

13 ஏப்ரல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன்.

நம் பக்கத்தைப் பற்றி வெளியூர்க்காரர் எழுதிய ஒரு கதையில் பத்து வயதுப் பையன் வருகிறான். "வெற்றிலைக் கறை படிந்த பற்கள்" என்று ஒரு வர்ணனை. படித்துக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன். பத்து வயதுப் பையன் எங்கே வெற்றிலை போடுகிறான்? இந்த மாவட்டங்களில் அந்தப் பழுப்புக் கறை தண்ணீரில் இருக்கிற புளோரைடால் வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். பாறைக்குள் ஆழமாகத் துளைத்து எடுக்கிற தண்ணீரில் பல இடங்களில் அதற்கு மேல் இருந்தது. அதற்காகவே காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில் குடித்த தண்ணீர்தான் கறையை முடிவு செய்கிறது. வளர்ந்த பிறகு என்ன தேய்த்தாலும் போகாது.

அந்த எழுத்தாளர் பையனைப் பார்த்திருக்கிறார். கறையையும் பார்த்திருக்கிறார். கூர்மையான கண்தான். காரணத்தைத் தன் ஊரிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார். வர்ணனை அதிகம், குறைவு என்று நாம் இத்தனை நாள் பேசினோமே, இது ஒரே ஒரு சொல். வெற்றிலை. அந்தச் சொல்லால் ஓர் ஊரின் நோய் ஒரு பையனின் கெட்ட பழக்கமாகிவிட்டது.

எனக்கு அந்தப் பல் இருக்கிறது. என் அக்காவுக்கு இல்லை. அவள் சிறு குழந்தையாக இருந்தபோது வீட்டுக்குத் திறந்த கிணற்றுத் தண்ணீர். நான் பிறந்த பிறகு கிணறு வற்றி, அப்பா தோப்பில் போர் போட்டார். நான் கல்லூரி முடிக்கும் வரை கையால் வாயைப் பொத்தாமல் சிரித்ததில்லை. என் திருமணப் புகைப்படங்கள் எதிலும் பல் தெரியாது.

20 ஏப்ரல்

இதைப் படித்துவிட்டு ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். நான்கு பேர் நம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள், தங்களுக்கும் அப்படித்தான் என்று. பதில் எழுதக் கொஞ்சம் நாள் வேண்டும். எல்லாவற்றையும் படித்தேன்.

11 மே

அந்த இரும்புக் குழாய்க் கதையை எழுதிவிட்டேன். ஒரு சிறுமி, அவளுடைய அக்கா, தோப்பு. சிறுமி சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கிருஷ்ணகிரித் தம்பிக்கும் கும்பகோணத்து அக்காவுக்கும் முதல் பிரதியை அனுப்பினேன். தம்பிக்கு மூன்றாம் வரியிலேயே புரிந்துவிட்டது. தன் சித்திக்கும் அப்படித்தான் என்றார். அக்கா, "கூச்ச சுபாவமுள்ள பெண்ணை அழகாக எழுதியிருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். பிப்ரவரியில் நானே சொன்னதுதான்: வாசகரிடம் இல்லாததற்குக் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் "அவள் பற்கள் பழுப்பாக இருந்தன" என்று எழுதக் கை வரவில்லை. அந்தச் சிறுமி வாழ்நாள் முழுதும் மறைத்ததை நான் முதல் பத்தியில் திறந்து காட்டுவதா? நான்கு முறை எழுதி நான்கு முறை அடித்தேன். தண்ணீரைப் பற்றி ஒரு பத்தி சேர்த்துப் பார்த்தேன். சுகாதாரத் துறை அறிவிப்புபோல இருந்தது.

1 ஜூன்

தோப்பில் பெங்களூரா இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று மாலைதான் அப்பாவுக்கு அந்தக் கதையைப் படித்தேன். இவ்வளவு நாள் படிக்காமல் இருந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பல்லைப் பற்றி வீட்டில் நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

சிறுமி முதல் முறை வாயைப் பொத்தும் இடத்தில் விரல் நின்றது. நான் தொடர்ந்து படித்தேன். முடித்த பிறகும் அவர் பேசவில்லை. வெளியே டிராக்டரில் கூடை ஏற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருநூற்று அறுபது அடி" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"260 அடியில் தண்ணீர் வந்தது. ஊரே வந்து குடித்துப் பார்த்து இனிக்கிறது என்றது. நீ என் தோளில் இருந்தாய். முதல் வாய் உனக்குத்தான் கொடுத்தேன். கதையில் அடி எத்தனை என்று போடவில்லையே, அதைப் போடம்மா."

இரவே உட்கார்ந்து சேர்த்துவிட்டேன். மூன்று வாக்கியம். அடி, ஊர்க்காரர்கள் குடித்துப் பார்த்தது, அப்பாவின் தோள். அதற்கு அடுத்த வரியில் சிறுமி பள்ளிக்கூட வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அக்கா பொத்தாமல் சிரிக்கிறாள். பல் என்ற சொல் இன்னும் கதையில் இல்லை.

கும்பகோணத்து அக்காவுக்கு இன்று காலை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.